ஒரு குரல் கொடுத்துவிடு

சரக்குக் கிடங்குக்கு மூடியைப் போட்டபோது கப்பலின் மேல்தளத்தில் இருந்தவர்கள்:

மேஸ்திரி, கழுத்தில் விசிலோடு.
சரக்குத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிற அரைக்காது. மீதிக் காது எப்படிப் போனது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வான்.
சோடாபுட்டி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.
கப்பல் அதிகாரி, வெள்ளைச் சட்டையில். இவர்கள் பேசுவது அவருக்குப் பாதிதான் புரியும்.
நெட்டை.
நெட்டையின் பெண்டாட்டிக்குத் தம்பி, குறட்டை.

இது மேஸ்திரியின் கணக்கு. கடைசி ஆளை அவர் பார்க்கவில்லை. குரலைத்தான் கேட்டார். அந்தக் குரல் நெட்டையுடையது.

மூட்டை இறக்குகிறவர்களிடம் அதற்குக் குரல் கொடுப்பது என்று பெயர். ஒருவன் எங்காவது கண்ணசந்திருப்பான், அல்லது கரையில் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டிருப்பான். மேஸ்திரி ஆள் எண்ண வருவார். அவர் கண் எப்போதும் தொங்குகிற சரக்கின் மேல்தான் இருக்கும். காதால்தான் ஆள் எண்ணுவார். பேர் வந்ததும் பக்கத்தில் நிற்பவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, “இருக்கேன்” என்பான். அவ்வளவுதான். நாளைக்கு அவன் இவனுக்குக் கொடுப்பான். அதில் பெரிய தர்மமும் இல்லை, பெரிய களவும் இல்லை.

குறட்டை இதில் கெட்டிக்காரன். அக்கா புருஷன் குரலை அப்படியே உரித்து வைப்பான். வீட்டு வாசலில் நின்று அந்தக் குரலில் “கதவத் திற” என்று சொல்லி அக்காவையே ஏமாற்றியிருக்கிறான். அவள் திறந்து, தம்பியின் இளிப்பைப் பார்த்து, நங்கென்று ஒரு குட்டு வைப்பாள். பிறகு புருஷனிடம், “இனிமே நெசமாவே நீங்க வந்து நின்னாலும் நான் திறக்கப்போறதில்ல” என்பாள்.

அன்று காலையில் கிடங்குக்குள் வேலை நடந்துகொண்டிருந்தபோது குறட்டை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“மாமா, முதுகு பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் ஒத்தடம் குடுத்துட்டு வரேன். பேர் கூப்பிட்டா ஒரு குரல் கொடுத்துடு.”

“போய்த் தொலை. குறட்டை மட்டும் விடாத, மேஸ்திரிக்குக் கேட்டுடும்.”

ஒத்தடம் என்றால் மூட்டைதான். அந்தக் கப்பலில் வந்தது உரம். காகிதப் பைகளில் அடைத்த வெள்ளை உருண்டைகள். பைகளைத் தொட்டால் சூடு. முதலில் மேல் வரிசை வெதுவெதுப்பாக இருந்தது. கீழே போகப்போகக் கை வைக்க இதமாக, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. வெளியே மழைக்காலம். இரும்புத் தரையில் நின்று நின்று விறைத்த உடம்புகளுக்கு அது கொடுப்பினை. ஈரச் சட்டையை அதன் மேல் விரித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் காய்ந்துவிடும். சரக்கு ஏன் சுடுகிறது என்று யாரும் மேலே சொல்லவில்லை. சொன்னால் சோதனை என்பார்கள், வேலையை நிறுத்துவார்கள், சூடும் போய்விடும். குறட்டை ஒரு மூலையில் சில மூட்டைகளை உருவி எடுத்து, ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு குழி செய்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரி மெத்தை என்று அதற்குப் பேர் வைத்தான். அவன் இல்லாத நேரத்தில் எல்லாரும் அதில் படுத்துப் பார்த்தார்கள்.

புகையை முதலில் பார்த்தது சோடாபுட்டி. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து அதைத் துடைத்தான். மறுபடி மாட்டினான். அழுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கீழே இருந்தவர்கள் ஏணியைப் பிடித்து மேலே ஓடி வந்தார்கள். அரைக்காது தண்ணீர்க் குழாயை இழுத்தான். கப்பல் அதிகாரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். தண்ணீர் கூடாது, சரக்கு கரைந்துவிடும் என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னார். மூடு. காற்றுப் போகாமல் மூடு. பிறகு உள்ளே நீராவியை விடலாம், தீ மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

“ஆவி விடப்போறாங்களாம்டா” என்றான் சோடாபுட்டி. “கப்பல்ல இருக்கிற ஆவி பத்தாதுன்னு.”

அந்த உரம் எரிய வெளிக்காற்று வேண்டியதில்லை என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருந்தது.

பலகைகளை அடுக்கினார்கள். மேலே தார்ப்பாயை இழுத்து, ஓரம் முழுக்க ஆப்பு அடித்தார்கள். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆள் எண்ணினார். அரைக்காது? இருக்கேன். சோடாபுட்டி? இருக்கேன். நெட்டை? இருக்கேன். குறட்டை?

நெட்டையின் முகம் தானாகக் கடல் பக்கம் திரும்பியது. மூக்கு தானாக அடைத்துக்கொண்டது. வாய் முந்திக்கொண்டது.

“இருக்கேன்.”

கடைசி ஆப்பும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவனுடைய புத்தி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

குறட்டை எங்கே?

ஏணியில் எனக்கு முன்னால் ஏறியவன் சோடாபுட்டி. எனக்குப் பின்னால்? புகைதான் வந்தது. ஆனால் குறட்டை கரைக்கும் போயிருக்கலாம். சாயம் போன அந்தத் தகரக் கொட்டகைக்குப் பின்னால், பழைய தார்ப்பாய்க் குவியலில் சாய்ந்திருக்கலாம். அங்கேயும் அவன் தூங்குவது உண்டு. ஆனால் ஒத்தடம் என்றானே. தார்ப்பாய் சுடுமா?

நெட்டை கரையைப் பார்த்தான். கூட்டம் சேர்ந்திருந்தது. தார்ப்பாயின் விளிம்பில் கசிந்து மேலே போகிற புகை சாதாரணப் புகை மாதிரி இல்லை. பழுத்த பழத்தின் சதை நிறம், ஓரத்தில் இளஞ்சிவப்பு. மேகமூட்டத்துக்கு எதிரே அது அழகாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அலுவலக மாடி ஜன்னல்களில் கண்ணாடியோடு முகம் ஒட்டி நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு வந்து நின்றார்கள். ஒரு பெண் இடுப்புக் குழந்தைக்கு அதைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை முகங்களையும் அவன் கண்ணால் துழாவினான். குறட்டையின் முகம் இல்லை.

அப்போதுதான் உள்ளங்காலில் அது வந்தது. காதில் வரவில்லை, செருப்பின் அடியில், தளத்தின் இரும்பில், பல்வலி தாடைக்குள் துடிப்பது போல, மந்தமாக, விட்டு விட்டு வந்து, முழங்கால் வரை ஏறி நின்றது.

தட். தட். தட்.

கிடங்குக்குள் வேலை செய்கிறவன் கத்தினால் வின்ச் சத்தத்தில் மேலே கேட்காது. அதனால் மூட்டை தூக்குகிற கைக்கொக்கியின் கட்டைப்பிடியால் கப்பலின் சுவரில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் தூக்கு. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் நிறுத்து, கீழே ஆள் இருக்கு.

“கேட்டுச்சா?” என்றான் நெட்டை.

“என்னது?” என்றான் சோடாபுட்டி.

“தட்டுற சத்தம்.”

“இரும்பு சூடானா சத்தம் போடும். வீட்ல தோசை…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டு, “வீட்ல அடுப்புல வச்ச காலிச் சட்டி போடலையா?” என்றான்.

நெட்டை மேஸ்திரியிடம் போனான். வெறும் ஐந்தாறு எட்டுத்தான், ஆனால் வழியெல்லாம் வாய்க்குள் ஒரே வாக்கியத்தைப் புரட்டிக்கொண்டு போனான். போன மாதம் இப்படிக் குரல் கொடுத்து மாட்டியவனையும், யாருக்காகக் கொடுத்தானோ அவனையும், இரண்டு பேரையும் மேஸ்திரி வாசலுக்கு வெளியே அனுப்பியிருந்தார். இப்போது நெட்டை சொன்னால் மூடியைத் திறப்பார்கள். தீ கிளம்பும். குறட்டை கொட்டகைக்குப் பின்னாலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வருவான். ஒரு தூங்குமூஞ்சிக்காகக் கப்பலைக் கொளுத்தியவன் என்று துறைமுகமே சிரிக்கும்.

சொல்லாவிட்டால் நீராவி.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் மேஸ்திரி.

“இல்ல மேஸ்திரி… உள்ள யாரும்…”

“எண்ணுனேன்ல? உன் மச்சான் வரைக்கும் இருக்கேன்னு சொன்னானே. உனக்குக் கேக்கல?”

“கேட்டுச்சு.”

“அப்புறம் என்ன?” அவர் குரலைத் தாழ்த்தினார். “சொல்றதுன்னா இப்பவே சொல்லு. அந்த ஆபீசரு ஆவி வால்வு திறக்கப் போயிருக்காரு.”

நெட்டை வாயைத் திறந்தான்.

தட். தட். தட்.

மேஸ்திரியின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கியதை நெட்டை பார்த்தான். அவருக்கும் கேட்டிருக்கிறது. அவர் மூடியைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். பிறகு விசிலைத் துடைக்கிற மாதிரி சட்டையில் தேய்த்துக்கொண்டு, “சூடு” என்றார். “எல்லாரும் கரைக்கு இறங்குற பாலத்துக்கிட்ட போங்க. இன்னொரு தரம் எண்ணிட்டு இறக்கிடுறேன். நான் அந்தக் கதவைப் பூட்டிட்டு வரேன்.”

அந்தக் கதவு. அதை எல்லாரும் மறந்திருந்தார்கள். மூடிக்குப் பக்கத்தில், அலமாரி மாதிரி நிற்கிற ஓர் இரும்புக் கூண்டு. அதில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற கதவு. அதற்குப் பின்னால் கிடங்குக்குள் இறங்குகிற ஏணி. அது இன்னும் சாத்தாமல் கிடந்தது. அரைக்காது பாலத்தருகில் எதையோ கேட்டுக் கத்த, மேஸ்திரி அந்தப் பக்கம் போனார்.

நெட்டை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பெண்டாட்டியின் முகம் வந்திருக்கும்: இரண்டு சாப்பாட்டுத் தூக்குகளைக் கழுவக் கை நீட்டிக்கொண்டு நிற்பாள், இவன் ஒன்றைத்தான் கொடுப்பான். அந்த முகத்தைப் பார்ப்பதற்கு இது தேவலை. துண்டைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டான். இடது செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் அணைகொடுத்தான். இடுப்பில் கொக்கி, கையில் டார்ச். இறங்கினான்.

உள்ளே இருட்டு என்று சொல்ல முடியாது. எங்கிருந்து வருகிறதென்று தெரியாத மங்கல் சிவப்பு ஒன்று எங்கும் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் இமைக்குள் தெரியுமே, அந்தச் சிவப்பு. ஏணியின் கம்பிகள் கையைச் சுட்டன. வாடை துண்டுக்குள் புகுந்தது. குளியலறை கழுவுகிற அமிலமும் பழைய மூத்திரமும் எரிந்த சர்க்கரையும் கலந்த மாதிரி இருந்தது, நாக்கில் ஒட்டியது, தொண்டையில் ஒரு கீறல் போட்டுவிட்டு இறங்கியது. காலையில் ஒழுங்காக அடுக்கியிருந்த மூட்டைகள் இப்போது ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, தோள்கள் இளகி, பை கறுத்து, வாயோரம் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கிடந்தன. உள்ளே நசநசவென்று ஏதோ கொதிக்கிற சத்தம். நடந்தால் கால் புதைந்தது. செருப்பில்லாத காலின் அடி வெந்தது.

“மச்சான்” என்று கூப்பிட்டான்.

அது அவன் குரல் மாதிரி இல்லை. தகரத்தில் ஆணியைத் தேய்த்த மாதிரி இருந்தது.

“மச்சான், எழுந்திரு.”

பதில் வந்தது. தட்டு இல்லை. குறட்டை.

நெட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் குறட்டையை அவன் ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறான். நீளமாக உள்ளே இழுத்து, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு ஈரமாக உதறிக்கொண்டு வெளியே வரும். மூலையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி மெத்தையிலிருந்து. இந்தச் சூட்டில், இந்த நாற்றத்தில், இந்த மடையன் தூங்குகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு, மூட்டைகளைப் பிடித்துப் பிடித்து, குழியின் விளிம்பு வரை போனான்.

டார்ச்சை அடித்தான்.

குழி காலியாக இருந்தது.

காலியா? வெளிச்சத்தை இன்னும் கீழே இறக்கினான். மூட்டைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பழுப்பாக ஒரு தோல் கட்டியிருந்தன. அந்தத் தோலில் ஓர் ஆள் படுத்த பள்ளம். தலை. தோள். ஒருக்களித்த இடுப்பு. மடக்கிய கால். எல்லாரும் மாறி மாறிப் படுத்த பள்ளம்தான். ஆனால் யார் படுத்ததைவிடவும் ஆழமாக இருந்தது. நெட்டையைவிட நீளமாக இருந்தது. தலைப் பள்ளத்தின் நடுவே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு துளை. அதிலிருந்து அந்த அழகான நிறத்துப் புகை வெளியே வந்தது. நின்றது. திரும்ப உள்ளே போனது.

பள்ளம் ஏறியது. இறங்கியது.

குறட்டை அங்கிருந்துதான் வந்தது.

நெட்டை நகரவில்லை. நகர்ந்தால் அது விழித்துக்கொள்ளும் என்று ஏனோ பட்டது. தூங்குகிற குழந்தையின் பக்கத்திலிருந்து எழுவது போல ஒரு காலை எடுத்தான். மறு காலை எடுத்தான். டார்ச்சை அணைத்தான். அணைத்தும் எல்லாம் தெரிந்தது.

அப்போது வெகு மேலே, கதவிடுக்கு வழியாக, மேஸ்திரியின் குரல் கேட்டது. காற்றில் நைந்து, ஆனால் தெளிவாக.

“அரைக்காது?”

“இருக்கேன்.”

“சோடாபுட்டி?”

“இருக்கேன்.”

“குறட்டை?”

“இருக்கேன், இருக்கேன்.” தூக்கக் கலக்கத்தோடு ஒரு கொட்டாவி. “நீங்க எண்ணி முடிச்சதும் கொட்டகைக்குப் பின்னாடி சும்மா சாஞ்சேன் மேஸ்திரி. அதுக்குள்ள என்ன ஊரே கூடிடுச்சு?”

இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். நல்லவேளை. நல்லவேளை என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்த பேர் வந்தது.

“நெட்டை?”

கத்தினான். வாய் முழுக்கத் திறந்து கத்தினான். தொண்டை தீய்ந்திருந்தது. காற்றுத்தான் வந்தது.

மேலே ஒரு கணம் மௌனம். அந்த மௌனத்தில் யாரோ முகத்தைக் கடல் பக்கம் திருப்புவது அவனுக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது. மாமா கழிப்பறைக்குப் போயிருப்பார். மாமா கரையில் கூட்டத்தில் நிற்பார். காலையில் அவர் எனக்குக் கொடுத்தார்.

“இருக்கேன்” என்றது நெட்டையின் குரல்.

அப்படியே அவனுடைய குரல். பெண்டாட்டியே ஏமாந்துவிடுவாள்.

ஏணிக்கு ஓடினான். விழுந்தான். எழுந்தான். ஒரு கம்பி. இன்னொரு கம்பி. உள்ளங்கைத் தோல் கம்பியோடு போனது. மேலே வெளிச்சம் ஒரு கோடு. அதில் ஒரு செருப்பின் நிழல்.

எட்டவில்லை. இன்னும் பாதி இருந்தது. கொக்கியை உருவினான். கட்டையால் கப்பலின் சுவரில் தட்டினான். பலமாக.

தட். தட். தட்.

“கேட்டுச்சா?” என்றது மேலே குறட்டையின் குரல்.

“இரும்பு சூடானா சத்தம் போடும்” என்றான் சோடாபுட்டி.

நெட்டை மறுபடி கொக்கியை ஓங்கினான். அவன் தட்டுவதற்கு முன்னால் கீழேயிருந்து வந்தது.

தட். தட். தட்.

மெதுவாக. பொறுமையாக. பதில் சொல்வது போல.

“யார் செருப்புடா இது, வழியில?” என்றார் மேஸ்திரி.

செருப்பு விழுந்தது. அவன் தோளில் பட்டு, ஏணியில் பட்டு, கீழே போனது. அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. மெத்தென்ற எதிலோ விழுந்திருக்கிறது.

கீழே குறட்டை நின்றது.

கொதிக்கிற சத்தமும் நின்றது. எல்லாம் நின்றது. யாரோ கண்ணைத் திறந்துகொண்டு, எங்கே இருக்கிறோம் என்று யோசிக்கிற மாதிரி ஓர் அமைதி.

மேலே வெளிச்சக் கோடு மெலிந்தது. கதவு சாத்திக்கொண்டது. திருகுப் பிடிகள் ஒவ்வொன்றாக இறுகின. பிறகு, பூட்டு.